பின்னாடி இடது டயருக்கு மூணு தட்டு

முதல்ல அந்த சத்தத்த சொல்லிடறேன். அத சொல்லாம மத்தது எதுவும் எழுத வரமாட்டேங்கறது எனக்கு.

டொக் டொக். கொஞ்சம் நிறுத்தி, டொக் டொக். மறுபடியும் டொக் டொக். கடைசில டொக் டொக் டொக்.

வாயி ஊர்ல நாங்க தங்கின லாட்ஜுக்கு வெளிய. இன்னும் விடியல. கிருஷ்ணா நதிலேர்ந்து கெளம்பின பனி ரோடு வரைக்கும் வந்து நிக்கறது. ஜன்னல் கர்ட்டன தள்ளிட்டு பாக்கறேன், கீழ எங்க வண்டிய சுத்தி ஒரு ஆளு. தொளதொளன்னு பச்சை ஜாக்கெட், தலைய சுத்தி மஃப்ளர், கண்ணு மட்டும்தான் வெளிய தெரியறது. கைல ஒரு இரும்புக் கம்பி. ஒவ்வொரு டயரா குனிஞ்சு தட்டறான், காது குடுத்து கேக்கறான், அடுத்ததுக்குப் போறான். எல்லாம் முடிச்சுட்டு நிமிர்ந்து ரோட்டையே பாத்துண்டு நின்னான். வர வேண்டிய பஸ் வரலன்னா நிப்போமே, அப்படி.

வண்டியத்தான் திருடப் பாக்கறான்னு நெனச்சுண்டு செருப்புகூட போடாம கீழ ஓடினேன். போனா ஆளே இல்ல. எங்க டிரைவர் விஜயக்கா மட்டும் வண்டி சைடு கண்ணாடில பாத்து பொட்டு வெச்சுண்டு நிக்கறா.

"அக்கா, இங்க ஒரு ஆம்பள நின்னானே, இப்பதான்!"

அவ கை அப்படியே நின்னுடுத்து. சட்டுனு அந்த முகத்துல ஒரு வெளிச்சம் வந்தது பாருங்க, அப்படி ஒரு வெளிச்சத்த நான் யார் முகத்துலயும் பாத்ததில்ல.

"எப்படி இருந்தாவ? ஒசரமா? எந்தப் பக்கம் போனாவ?"

"பச்சை ஜாக்கெட் போட்டுண்டு, மஃப்ளர் சுத்திண்டு..."

வெளிச்சம் அணைஞ்சுது. பின் சீட்லேர்ந்து அந்த ஜாக்கெட்ட எடுத்து என் முன்னாடி ஆட்டிக் காமிச்சா.

"ஏ பிள்ள, அது நாந்தான். லாட்ஜுல டிரைவருக்குன்னு ஒரு ரூம் இருக்கு, அது முழுக்க ஆம்பளையளு. நான் எங்க போயி படுக்க? வண்டிலதான் படுப்பேன். பொம்பள தனியா கெடக்கான்னு தெரிஞ்சா ஒருத்தன் வந்து கண்ணாடிய தட்டுவான், இன்னொருத்தன் சாயா வேணுமாம்பான். இத மாட்டிக்கிட்டு மூஞ்சிய மூடிக்கிட்டேன்னு வையி, ஒரு பயலும் திரும்பிப் பாக்க மாட்டான். எங்க வீட்டுக்காரரு ஜாக்கெட்டு."

சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஆனா மேல ரூமுக்கு ஏறிப் போறச்சே எனக்கு சிரிப்பு வரல. 'ஒசரமா இருந்தாவளா'ன்னு ஏன் கேட்டா?

ஏன்னு எனக்குத் தெரியும். முந்தின நாள் வண்டில வந்த எல்லாருக்குமே தெரிஞ்சுபோச்சு.

விஜயலட்சுமி தாராவில பொறந்தவ. அவ அப்பா கோவில்பட்டிலேர்ந்து தோல் வேலைக்கு வந்தவர். கல்யாணமும் தாராவியிலயே, நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போனா, அவ்வளவுதான். வீட்டுக்காரர் சுரேந்திரன் டூரிஸ்ட் வண்டி ஓட்டினார். மாட்டுங்கா மாமிகள் ஷீரடி போனாலும் சரி, கோலாப்பூர் மஹாலட்சுமிய பாக்கப் போனாலும் சரி, "சுரேன கூப்பிடு"ன்னுதான் சொல்லுவா. ஏசி ஜாஸ்தி வைக்க மாட்டார், வழில காபி எங்க கெடைக்கும்னு தெரியும், அவ்வளவு போதும் மாமிகளுக்கு.

ஆறு வருஷம் முன்னாடி, நல்ல மழைக்காலம். கோலாப்பூர்ல ஒரு குடும்பத்த ஹோட்டல்ல விட்டுட்டு, "டீசல் போட்டுட்டு வாரேன்"னு போனவர் வரல. மறுநாள் வண்டி மட்டும் கெடைச்சுது. ரத்னகிரி போற ரோட்ல, ஆம்பா காட் மலை வளைவுல. கதவு தொறந்து கெடக்கு, வைப்பர் ஓடிண்டே இருக்கு, சீட்ல இந்தப் பச்சை ஜாக்கெட். ஆள் இல்ல. பள்ளத்துல தேடினா, ஆத்துல தேடினா. மழை நிக்கவே இல்ல அந்த வருஷம். சண்டை இல்ல, குடி இல்ல, ஒரு காரணமும் இல்ல. ஏன் அந்த ரோட்டுக்குப் போனார்னுகூட இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது.

போலீஸ் வண்டிய திருப்பிக் குடுத்தப்போ எல்லாரும் வித்துடுன்னாளாம். இவ விக்கல. ரொம்ப நாள் வாசல்ல நின்ன வண்டிய தொடச்சுண்டே இருந்திருக்கா. அப்பறம் ஓட்டக் கத்துண்டு, லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் வாங்கி, அதே வண்டி, அதே மாமிகள். எந்த ஊர் சவாரியா இருந்தாலும் போவா. கோலாப்பூர்னா மட்டும் ரேட்டே பேச மாட்டா.

இதெல்லாம் தெரியாமத்தான் நான் ட்ரிப் ப்ளான் போட்டேன். நான் செம்பூர், வீட்லேர்ந்தே லேப்டாப் வேலை, வேலை நேரத்துல மேப் பாக்கறதுதான் நெஜ வேலை. மாட்டுங்கால இருக்கற வெங்கடராமன் பெரியப்பாவுக்கு கோட்டையும் சரித்திரமும் வேணும். பாகீரதி பெரியம்மாவுக்கு மஹாலட்சுமி வேணும். எனக்கு அருவியும், மொளகட்டின பயறுல காரமா பண்ற மிசலும் வேணும். நாலு நாள்: வாயி, சாத்தாரா, பன்ஹாளா கோட்டை, கோலாப்பூர். செப்டம்பர் கடைசி, மலையெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கும்னு குதிச்சுண்டு கெளம்பினேன்.

மாட்டுங்கால காபி குடிச்சுட்டு ஏறி, பன்வேல் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சோம். விஜயக்கா ஃபோன் வண்டி ஸ்பீக்கரோட கனெக்ட் ஆயிருக்கு. மணி அடிச்சுது. அவ எடுக்கறதுக்குள்ள வண்டி முழுக்க ஒரு ஆம்பளக் குரல்.

"மதினி, எங்க இருக்கீய?"

"வண்டில. சவாரி இருக்கு. பொறவு பேசுங்க."

"பொறவு பொறவுன்னு ஆறு வருசம் ஆச்சி. மாளய அமாவாச வருது. பாண்கங்காக் கொளத்துல அய்யர்ட்ட பேசியாச்சி. அண்ணனுக்கு செய்ய வேண்டியத செஞ்சி முடிச்சிருவோம்."

"உசுரோட இருக்க ஆளுக்கா?"

"மதினி, நான் சந்தோசத்துலயா சொல்லுதேன்? அம்மாவுக்கு சோறு எறங்கல. தெனமும் கனவுல வந்து பசிக்குதுங்கானாம். போன ஆத்மாவ இப்படி அலைய விடக் கூடாது மதினி. ஆளு இல்லன்னா தர்ப்பையில உருவம் செஞ்சி, அண்ணன் போட்ட துணிய அது மேல போத்தணுமாம். அந்தப் பச்சை ஜாக்கெட்ட மட்டும் குடுங்க, போதும்."

நாங்க மூணு பேரும் ஜன்னல் வெளிய பாக்கறோம். காதுல விழாத மாதிரி எப்படி உக்காந்துக்கறது சொல்லுங்கோ. பெரியம்மா இட்லி டப்பாவத் தொறந்து மறுபடியும் மூடினா.

விஜயக்கா ஒரு வளைவ நிதானமா எடுத்தா. அப்பறம்தான் பேசினா.

"சரி கொழுந்தனாரே. அந்த ரோட்டுக்குத்தான் போறேன். இந்த தடவ அவுகளப் பத்தி ஒரு தகவலும் கெடைக்கலன்னா நானே ஜாக்கெட்டக் கொண்டாந்து குடுக்கேன். தகவல் கெடைச்சிச்சின்னா, இனிமே அந்தப் பேச்ச எங்க வாசல்ல எடுக்கப்பிடாது. சம்மதமா?"

"சம்மதம்"னார் கொழுந்தனார் பிரம்மநாயகம்.

கட் பண்ணிட்டு கண்ணாடி வழியா பெரியம்மாவ பாத்தா. "மாமி, ஏசி கொறைக்கட்டுமா?"

அன்னிக்கு சாயங்காலம்தான் மேணவலி படித்துறைக்குப் போனோம், வாயிக்குப் பக்கத்துலயே. கல் படி, ஆறு, ஒரு சிவன் கோவில், அதுல பெரிய மணி ஒண்ணு. பெரியப்பாவுக்கு உற்சாகம் தாங்கல. "வசாய் இருக்கோல்லியோ, நம்ம வசாய், அங்க போர்ச்சுகீஸ்காரா கட்டின சர்ச்ல தொங்கின மணி இது. மராட்டாக்காரா ஜெயிச்சுத் தூக்கிண்டு வந்து இங்க கோவில்ல கட்டிட்டா!"

"ஊரு மாறி, சாமியும் மாறிட்டுதா?"ன்னு கேட்டா விஜயக்கா.

"எல்லாம் மாறிடுத்து."

"சத்தம் அதேதான இருக்கும் சார்?"

பெரியப்பா மணிய அண்ணாந்து பாத்தார். எனக்கென்னவோ அந்த ஆத்தங்கரைல இருட்டு சீக்கிரமா வந்த மாதிரி இருந்துது. அந்த ராத்திரி தூங்கி எழுந்தப்போதான் டொக் டொக்.

இந்த ரோட்ல ஒரு வழக்கம் உண்டு. டூரிஸ்டக் கூட்டிண்டு வர டிரைவருக்கு ஹோட்டல்காரன் காசு வாங்காம சாப்பாடு போடுவான். சமையல் ரூம் பக்கத்துல தனி டேபிள், டிரைவர் தாலின்னு ஒரு தட்டுச் சாப்பாடு. விஜயக்கா அங்கதான் உக்காருவா. உக்காந்த ஒடனே சாப்பாடு போடறவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி: "சுரேன் வந்தாரா?" ஃபோன்ல படத்தக் காமிப்பா. ஒசரமா, சிரிச்ச முகம், காதுக்குப் பின்னாடி பென்சில் சொருகிண்டு நிக்கறார். வாயி ஊர் மிசல் கடைக்காரன் இல்லன்னு தலைய ஆட்டினான். சாத்தாரால பிட்லாவும் பாக்ரியும் போட்ட அம்மா, படத்தக் கையில வாங்கி, சேலைத் தலைப்பால தொடச்சு, திருப்பிக் குடுத்தா.

ஐயோ, அந்த பிட்லா! கடலமாவத்தான் கரைச்சுக் கிண்டறா, பச்சமொளகா, பூண்டு, சுடச்சுட பாக்ரி, அதான் சோள ரொட்டி. பெரியம்மா பூண்டு வாசனைக்கு மூஞ்சிய சுளிச்சுண்டே ரெண்டு பாக்ரி சாப்ட்டா. "ஆத்துல சொல்லாதே"ன்னா. ஆத்துல யாரு இருக்கா, இவாதான் ரெண்டு பேரும்! தோசேகர் அருவி பாத்தோம், பள்ளத்துக்குள்ள தண்ணி விழறது, பனி வந்து மூடறது, அப்பறம் வெறும் சத்தம் மட்டும். நான் வீடியோ எடுத்துண்டே திரும்பினா, விஜயக்கா கம்பி வேலியப் பிடிச்சுண்டு கீழ பள்ளத்துலயே கண்ண வெச்சுண்டிருக்கா. வீடியோவ நிறுத்திட்டேன்.

"சாத்தாராவ ஆண்ட பரம்பரையும் நம்ம தஞ்சாவூர ஆண்ட மராட்டா பரம்பரையும் பங்காளிகள்"னு பெரியப்பா வண்டில ஆரம்பிச்சார். "அப்படிப் பாத்தா நமக்கும் இந்த ரோட்டுக்கும் சம்பந்தம் இருக்கு."

"பங்காளின்னா சண்டைதான் இருக்கும்"னா பெரியம்மா. விஜயக்காகூட சிரிச்சுட்டா.

ரெண்டாவது ராத்திரி பன்ஹாளா. மலை மேல கோட்டை, கோட்டைக்குள்ளயே ஊர். பனின்னா பனி, நீட்டின கை தெரியல. மறுநாள் கீழ எறங்கி கோலாப்பூர்ல மஹாலட்சுமி தரிசனம். பெரியம்மா வேண்டிண்டு ரொம்ப நேரம் கண்ண மூடிண்டு நின்னா. தனக்காக இல்லன்னு எனக்குத் தெரியும். விஜயக்கா உள்ள வரல. வண்டிலயே உக்காந்திருந்தா.

திரும்பறச்சே, பன்ஹாளா அடிவாரத்துல, ரத்னகிரி ரோடு பிரியற எடத்துல மானே காக்கா தாபா. காக்கான்னா மராட்டில சித்தப்பா. பக்கத்துல பெட்ரோல் பம்ப். எங்களுக்கு மிசல், விஜயக்காவுக்கு சமையல் ரூம் பக்கம் டிரைவர் தாலி. நடுவுல ஒரு தட்டிதான், பேசறது நன்னா கேக்கும். அவ கேள்வியக் கேக்கறதுக்கு முன்னாடியே மானே காக்கா ஹிந்தில ஆரம்பிச்சுட்டார். அவள பாபி, அதாவது அண்ணின்னுதான் கூப்பிடுவார்.

"அரே பாபி, சுரேன் வந்திருந்தானே! உனக்கு ஃபோன் பண்ணலியா அவன்?"

ஸ்டீல் டம்ளர் கீழ விழுந்த சத்தம்.

"எப்ப?"

"ஆவணி மாசம் ஒரு தடவ. அதுக்கு முன்னாடி ஹோலி சமயம். நான் பாக்கல. காலங்கார்த்தால எதிர்ப்பக்கம் டீ வண்டி போடுவானே ராஹில், அவன் பாத்திருக்கான். நேத்திக்குத்தான் பேச்சு வாக்குல சொன்னான். சுரேன் அண்ணா, அதான் நம்ம சுரேன் பாவு, அப்பப்ப வரார், பம்ப் பக்கத்துல நிக்கறார், கூப்பிட்டா திரும்பறதில்ல, டீ குடிக்காம போயிடறார்னு. மூஞ்சி முழுக்க மஃப்ளராம்."

"அவுகதான்னு எப்படித் தெரியும் அவருக்கு?"

"டயர் தட்டினானாம். ராஹிலுக்கு அந்தத் தட்டு தெரியாதா, எத்தன வருஷமா கேக்கறான்! எல்லாத்துக்கும் ரெண்டு, பின்னாடி இடதுக்கு மட்டும் மூணு."

விஜயக்கா ஓடி வந்தா. எச்சக் கையோட. என் தோளப் பிடிச்சு உலுக்கினா.

"பிள்ள! கேட்டியா? மூணு தட்டு! அந்த டயரு அப்பெல்லாம் காத்து எறங்கிக்கிட்டே இருக்கும், அதனால அதுக்கு மட்டும் ஒரு தட்டு கூடப் போடுவாவ. ஒலகத்துல வேற யாரு அப்படித் தட்டுவா? நான்கூட எல்லாத்துக்கும் ரெண்டுதான் தட்டுவேன்!"

நான் பெரியம்மாவப் பாத்தேன். வாயி லாட்ஜ்ல ஜன்னல் வழியா கேட்டேனே. நான் கேட்டேனே! கடைசில மூணு.

"ஆவணில நானும் இங்கதான் படுத்திருந்தேன்!" அவ பாட்டுக்கு சொல்லிண்டே போறா. "ஹோலிக்கும் வந்தேன். மேல கோட்டையில பார்ட்டிய எறக்கிட்டு, பம்புல வெளிச்சம் இருக்குன்னு இங்கதான் வண்டியப் போட்டேன். கண்ணாடிய ஏத்திக்கிட்டு செத்த பொணமாட்டம் தூங்கியிருக்கேன். அவுக வந்து நின்னுட்டுப் போயிருக்காவ. வண்டியப் பாத்துட்டுப் போயிருக்காவ! எழுப்பியிருக்கக் கூடாதா? எப்பமும் நான் மத்தியானம் வந்து கேப்பேன், அவுக விடியமுன்ன வந்துட்டுப் போறாவ. ஒரே ரோட்டுல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி..."

கையக்கூட கழுவாம ஃபோன எடுத்தா. "கொழுந்தனாரே, அய்யர வேண்டாம்னு சொல்லிருங்க. அண்ணன் இருக்காரு! அத்தைகிட்ட சொல்லுங்க, சாப்பிடச் சொல்லுங்க!"

அந்தப் பக்கம் ஒரு அம்மா ஓன்னு அழற சத்தம் எனக்கே கேட்டுது.

சாயங்காலம் பன்ஹாளா ரூம்ல நான் வாயி லாட்ஜ்ல கேட்டத பெரியப்பா பெரியம்மாகிட்ட சொன்னேன். ஜாக்கெட், மஃப்ளர், மூணு தட்டு, எல்லாத்தையும்.

பெரியப்பா எழுந்து நின்னுட்டார். "அப்போ அந்த டீக்காரன் பாத்தது இவளையேவா?"

"மெதுவா பேசுங்கோ."

"சொல்லிடணும், பாகீரதி. தாராவில ஒரு தாயார் புள்ள உசுரோட இருக்கான்னு சாப்பிட உக்காந்திருப்பா. இது தப்பு."

"நீங்களே சொல்லுங்கோ, போங்கோ. அவ மூஞ்சியப் பாத்து சொல்லுங்கோ. வாய் வரதான்னு பாக்கலாம்."

பெரியப்பா உக்காந்துட்டார். அந்த நேரம் பாத்து கதவத் தட்டறா விஜயக்கா. தலை வாரி, பூ வாங்கி வெச்சுண்டிருக்கா. இருபது வயசு கொறஞ்ச மாதிரி இருக்கா.

"சார், ஒரு சகாயம். நாளைக்கு நீங்க எந்திரிக்குமுன்ன நான் கீழ பம்புகிட்ட போயி நிக்கட்டுமா? வெளிச்சம் வந்ததும் வந்துருதேன். இந்த தடவ தூங்க மாட்டேன்."

பெரியப்பா வாயத் தொறந்தார். மூடினார். "தாராளமா போயிட்டு வாம்மா"ன்னார்.

"ஸ்மிதாவையும் கூட்டிண்டு போ"ன்னா பெரியம்மா. என் காதுல, "தனியா விடாதே டி".

அந்த விடியக்காலத்த என்னால மறக்க முடியல. மலைலேர்ந்து எறங்கறச்சே ஹெட்லைட்டுக்கு முன்னாடி பனி சுவர் மாதிரி நிக்கறது. பம்ப் ஓரத்துல நிறுத்தினா. எஞ்சின் ஆஃப். ரத்னகிரி ரோடு இருட்டுக்குள்ள போறது, ஒரு லாரி, அப்பறம் ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு தடவ ஏதாவது நெழல் அசையறச்சேயும் அவ முன்னாடி குனிவா. நாய். பேப்பர் கட்டு தூக்கிண்டு ஒருத்தன். நாய். நான் அந்த ஜாக்கெட்டுக்காரன் வந்துடணும்னு வேண்டிக்க ஆரம்பிச்சுட்டேன், சத்தியமா. பேயா வந்தாலும் பரவால்ல, வந்துடுங்கோன்னு.

"வந்தா மொத வார்த்த என்ன பேசுவீங்க?"ன்னு கேட்டேன்.

"என்ன பேச? சாப்பிட்டியளாம்பேன்."

வானம் கொஞ்சம் வெளுத்துது. குளிர் எலும்புல ஏறித்து. யாரும் வரல. நான் சொல்லிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். "அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"இரு பிள்ள, நேரமாச்சி, சார் காத்துக்கிட்டு இருப்பாவ. வண்டியப் பாத்துட்டு வந்துருதேன்." குளிருக்கு ஜாக்கெட்ட மாட்டினா, மஃப்ளர தலைய சுத்திக் கட்டினா, சீட்டுக்கு அடிலேர்ந்து கம்பிய எடுத்துண்டு எறங்கினா.

டொக் டொக்.

எதிர்ப்பக்கம் ஒரு டீ வண்டி வந்து நின்னுது. ஸ்டவ் நீலமா பத்திண்டுது.

டொக் டொக். டொக் டொக். பின்னாடி இடது. டொக் டொக் டொக்.

"சுரேன் பாவு!"

ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து குரல். "அரே சுரேன் பாவு! இன்னிக்காவது ச்சஹா குடிச்சுட்டுப் போ!"

விஜயக்கா சட்டுனு திரும்பினா. பின்னாடி திரும்பினா. அவ பின்னாடி யார் நிக்கறான்னு பாக்கறதுக்கு.

யாரும் இல்ல. பம்ப், பனி, காலி ரோடு. அந்தப் பக்கம் பாத்தா, இந்தப் பக்கம் பாத்தா. "எங்க? எங்க?"ன்னு கேட்டுண்டே வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தா. அப்பறம் எதிர்ப்பக்கம் ராஹில் கை நீட்டி தன்னையே கூப்பிடறத பாத்தா. குனிஞ்சு ஜாக்கெட்டப் பாத்தா. கம்பியப் பாத்தா. டயரப் பாத்தா.

நான் எறங்கி ஓடினேன். என்னத் தொடாதேன்ற மாதிரி ஒரு கையத் தூக்கினா. நின்னுட்டேன்.

ரோட்டக் கடந்து போனா. டீ வண்டி முன்னாடி நின்னு மஃப்ளர அவிழ்த்தா. ராஹில் பாய் கைல இருந்த கிளாஸோட ஒரு அடி பின்னாடி போயிட்டார்.

"யா அல்லாஹ். பாபி?"

"ஆவணியில பாத்தது இந்த ஜாக்கெட்டுதானா?"ன்னு ஹிந்தில கேட்டா. குரல் ரொம்ப சாதாரணமா இருந்துது. அதான் பயமா இருந்துது.

"இதுதான்." அவருக்குப் புரிஞ்சுடுத்து. கண்ணெல்லாம் கலங்கிடுத்து. "மாஃப் கர்னா பாபி, மன்னிச்சுடு. தூரத்துலேர்ந்து... அந்தத் தட்டு... நான் அவர்னே..."

"நானும் அவர்னுதான் நெனச்சேன் பாய்."

கையில இருந்த டீய என்ன பண்றதுன்னு தெரியாம அவர் அவகிட்டயே நீட்டினார். வாங்கிண்டா. ஒரு வாய் குடிச்சா. நிறுத்தினா.

"சர்க்கர ஜாஸ்தியா இருக்கு."

"அவருக்குப் போடற மாதிரி போட்டேன்."

விஜயக்கா சர்க்கரையே சேத்துக்க மாட்டா. காபில ஒரு துளி போட்டாலும் திருப்பிக் குடுத்துடுவா. அந்த டீய கடைசி வரைக்கும் குடிச்சா. நின்னுண்டே, ரத்னகிரி ரோட்டப் பாத்துண்டே, அவசரப்படாம. கிளாஸ வெச்சுட்டு ஃபோன எடுத்தா.

"கொழுந்தனாரே. இல்ல, எழுப்ப வேண்டாம் அத்தைய. அய்யர வரச் சொல்லுங்க. ...ஆமா. ஆமா. நாந்தான் அது. வந்து சொல்லுதேன்."

திரும்பி வரச்சே பெரியப்பா ஒரு கோட்டையப் பத்தியும் சொல்லல. கம்பாட்கி மலைச் சுரங்கத்துக்குள்ள போறச்சே பெரியம்மா முன்னாடி சாஞ்சு, அவ தோள்ல கைய வெச்சா. சுரங்கம் முடியற வரைக்கும் எடுக்கல.

மாளய அமாவாசைக்கு நான் பாண்கங்கா போனேன். யாரும் கூப்பிடல, நானாத்தான் போனேன். குளத்தச் சுத்திக் கூட்டம், எள்ளு, தர்ப்பை, ஈரப் படி. அவ கொழுந்தனார் பிரம்மநாயகத்த முதல் தடவையா பாத்தேன். அந்தப் படத்துல இருக்கற அதே மூக்கு. மாமியார் பார்வதியம்மாள் சுவத்துல சாஞ்சு உக்காந்துண்டு, மருமகள் கைய விடவே இல்ல. வெறும் புல்லுல ஒரு ஆள் உருவம், முழங்கை நீளம்தான் இருக்கும்.

"துணி, மதினி."

பையிலேர்ந்து மஃப்ளர எடுத்துக் குடுத்தா.

"ஜாக்கெட்டுன்னுல்லா பேசினோம்?"

"அது எனக்கு வேணும் கொழுந்தனாரே. நாளைக்கு நாசிக் சவாரி. அத மாட்டாம வண்டிக்குள்ள எப்படி ராத்திரி படுக்கிறது?"

அவர் மஃப்ளர விரிச்சுப் போத்தினார். சோறு வெச்சா, பக்கத்துல ஒரு டம்ளர் டீ வெச்சா விஜயக்கா. எவ்வளவு சர்க்கரை போட்டான்னு நான் பாத்தேன். எல்லாம் முடிஞ்சும் அவ பொட்ட யாரும் தொடல. மாமியார்தான் முன்னாடியே "அது கெடக்கட்டும்"னு சொல்லிட்டாளாம்.

மறுநாள் விடியக்காலம் நான் செம்பூர்லேர்ந்து ஆட்டோ பிடிச்சு தாராவி போனேன். நாசிக் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கணும்போல இருந்துது, வேற ஒரு காரணமும் இல்ல. நைன்ட்டி ஃபீட் ரோட்ல கடையெல்லாம் இன்னும் ஷட்டர் தூக்கல. வண்டி நிக்கறது. பச்சை ஜாக்கெட் முதுக எனக்குக் காட்டிண்டு குனிஞ்சிருக்கு. தெரிஞ்சும்கூட ஒரு நிமிஷம் ஆட்டோலேர்ந்து எறங்காம பாத்துண்டிருந்தேன்.

"அந்த ராஹில் பாய் அடுத்த தடவையும் கூப்பிட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"கூப்பிடாம இருப்பாரா? இருட்டுல அவருக்கு என்ன தெரியும்." கம்பியக் கை மாத்திண்டா. "கூப்பிட்டா நான் திரும்பிப் பாப்பேன் பிள்ள. பாக்காம இருக்க முடியாது."

முன்னாடி ரெண்டு டயரும் தட்டினா. பின்னாடி வலது. டொக் டொக். சுத்தி இடது பக்கம் வந்தா. டொக் டொக். கை மேல தூக்கினது தூக்கினபடி அப்படியே நின்னுது. இவ்வளவு வருஷமா தானா போயிண்டிருந்த கை, இப்போ அவ சொல்றதுக்காகக் காத்துண்டிருந்துது.

ரோட்ட ஒரு தடவ பாத்தா.

டொக்.